ஆவியில் பென்சீன் முந்திக்கொள்வது ஏன்?

பென்சீன், டொலுயீன் என்ற இரு நீர்மங்களை ஒரு மோலுக்கு ஒரு மோல், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இருக்கும்படி, கலந்து மூடிவைத்தால், மேலே சேரும் ஆவியிலும் இரண்டும் சரிபாதியாகத்தானே இருக்கும் என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இருக்காது.

25 பாகை செல்சியஸில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் (மூடிய கலனில் நீர்மத்தோடு சமநிலையில் இருக்கும் ஆவி தரும் அழுத்தம்) ஏறத்தாழ 95 மி.மீ. பாதரசம், டொலுயீனுக்கு 28. பிரெஞ்சு வேதியியலாளர் பிரான்சுவா ரௌல்ட் 1880களில் கண்ட விதிப்படி, அவற்றை நீர்மத்திலுள்ள மோல் பின்னமான (மொத்த மோல்களில் ஒவ்வொன்றின் பங்கு) 0.5ஆல் பெருக்கினால் 47.5, 14 என்ற பகுதி அழுத்தங்களும் (ஆவியில் ஒவ்வொன்றும் தனித்துத் தரும் அழுத்தம்), கூட்டினால் மொத்தம் 61.5ம் கிடைக்கும். எடையை வைத்துக் கணக்கிட்டால் விடை பிசகும். 78 கிராம் பென்சீனும் 92 கிராம் டொலுயீனும்தான் ஒவ்வொரு மோல்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுவையானது இதற்குப் பிறகுதான் வருகிறது. நீர்மப் பரப்பில் பாதி மூலக்கூறுகளே பென்சீன் என்பதால், தூய நிலையில் தப்புவதில் பாதியளவே இப்போது தப்புகின்றன. ஆவியிலிருந்து திரும்பி விழும் வேகமோ அதன் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே அழுத்தம் பாதியானதுமே போக்கும் வரவும் சமமாகிவிடுகின்றன. டொலுயீனுக்கும் இதே கதைதான். ஆனால் பென்சீன் இயல்பிலேயே எளிதில் தப்புவதால், 47.5ஐ 61.5ஆல் வகுத்தால் ஆவியில் அதன் பங்கு 77 விழுக்காடாகிறது. அந்த ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்கி, அதன்மேல் எழும் ஆவிக்கும் அதே கணக்கைப் போட்டால் 92 விழுக்காடு! கலவையைப் பிரிக்க ஆவியாக்குவதையும் குளிர்விப்பதையும் அடுக்கடுக்கான தட்டுகளில் திரும்பத் திரும்பச் செய்யும் பின்னக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் தட்டுக்குத் தட்டு நடப்பது இதுதான். வெப்பநிலை அங்கே தட்டுதோறும் மாறுவதால் எண்கள் மட்டும் வேறாக இருக்கும்.

பென்சீன் மூலக்கூறு தன் இனத்தை ஈர்ப்பதும் டொலுயீனை ஈர்ப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால்தான் இக்கலவை நல்லியல்புக் கரைசலாக, அதாவது ரௌல்ட் விதிக்கு அடங்கியதாக, நடந்துகொள்கிறது. எத்தனாலும் நீரும் அப்படியல்ல. ஒன்றின் அருகே மற்றொன்று இருப்பதால் இரண்டுமே கணக்கு சொல்வதைவிட அதிகமாகத் தப்புகின்றன. எடையில் 95.6 விழுக்காடு எத்தனாலை எட்டியதும், 78.2 பாகையில் கொதிக்கும் நீர்மமும் அதன் ஆவியும் ஒரே விகிதத்துக்கு வந்துவிடுவதால், சாதாரண அழுத்தத்தில் எத்தனை தட்டுகளை அடுக்கினாலும் பயனில்லை. எஞ்சிய நீரை நீக்க நுண்துளைகளில் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு சல்லடை போன்ற வேறு வழிகளையே ஆலைகள் நாடுகின்றன.