அத்தியாவசிய எண்ணெய் அல்ல, சாரநெய்

கல்முனையில் அண்மையில் நடந்த ஒரு கைத்தொழிற் பயிற்சியில் வீட்டிலேயே வாசனைத் திரவியம் செய்யும் முறையைக் கற்பித்தார்கள். முன்கூட்டியே தந்த தாளில், "6 மில்லிலீற்றர் அத்தியாவசிய எண்ணெயை 24 மில்லிலீற்றர் எதனோலுடன் கலக்கவும்" என்று அச்சிட்டிருந்தது. என்னுடன் வந்த மச்சாள், ஒரு வீட்டுக்கு அத்தியாவசியமான எண்ணெய் எதுவோ அதையே கொண்டுவந்திருந்தார்: ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். கலந்து குலுக்கி மேசையில் வைத்தார். சிறிது நேரத்தில் எதனோல் எனும் மதுசாரம் மேலே தெளிந்து நிற்க, எண்ணெய் அடியில் தங்கிவிட்டது. பயிற்றுநர் முகம் சுளித்தபோது, "தாளில எழுதிக் கிடந்ததத்தானே கொண்டுவந்த நான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை தாளை மொழிபெயர்த்தவருடையது. பூ, பட்டை, வேர் போன்றவற்றிலிருந்து எடுக்கும், ஆவியாகும் மண எண்ணெயை ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ஒயில்' என்பார்கள்; அதைத்தான் அவர் 'அத்தியாவசிய எண்ணெய்' ஆக்கிவிட்டார். இதே பிழையைப் போத்தல் ஒட்டுத்தாள்களிலும் அழகுக் குறிப்புகளிலும் பலமுறை கண்டு பொறுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

'எசென்ஷியல் ஒயில்' என்பதில் உள்ள முதற்சொல் 'எசென்ஸ்' என்பதன் உரிச்சொல் வடிவம். அதன் மூலம் 'இருத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. ஒரு பொருளை அதுவாகவே ஆக்கும் சாரத்தை வடித்தெடுக்கலாம் என்று நம்பிய பழைய இரசவாதிகளின் வழக்கிலிருந்து, பூவின் சாரம், பட்டையின் சாரம் என்ற கருத்தில் இந்தப் பெயர் எண்ணெய்க்கு வந்தது. 'மிகத் தேவையான' என்பது அதே ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னர் விரிந்த வேறொரு பொருள்.

அத்தியாவசியம் என்பதோ 'அதி', 'ஆவசியகம்' என்ற வடசொற்களின் சேர்க்கை. மிகத் தேவையானது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. 2022ஆம் ஆண்டில் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நம் மக்களுக்கு அத்தியாவசியப் பொருள் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கராம்பிலிருந்து வடித்த சிறு போத்தலில் ஒட்டினால், வாசிப்பவர் தவறாக விளங்கிக்கொள்வதே இயல்பு. கொழுப்பமிலங்கள் சிலவற்றை அத்தியாவசியமானவை என்பது சரி. உடலால் அவற்றை ஆக்க முடியாது, உணவிலிருந்தே பெற வேண்டும். ஒரே அடைமொழியை இரண்டுக்கும் இட்டதால், கறுவா எண்ணெயும் உடலுக்கு இன்றியமையாத ஊட்டம் என்று நம்பி அதைக் கலப்பின்றித் தோலில் பூசுவோர் உண்டாகிறார்கள். கறுவாப்பட்டை எண்ணெய் தோலை எரிச்சலூட்டிப் புண்ணாக்கக் கூடியது.

தூய தமிழ் ஆர்வலர் சிலர் இதைத் திருத்துவதாக எண்ணி 'இன்றியமையா எண்ணெய்' என்று எழுதுவது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. வடசொல் போய்விட்டது, பிழை அப்படியே இருக்கிறது. தமிழ் உடை உடுத்தியதால் அது பிழையென்று கண்டுகொள்வதும் கடினமாகிவிட்டது. சொல்லின் பிறப்பை ஆராய்பவர்கள் அது சுட்டும் பொருளை ஒருமுறை முகர்ந்தாவது பார்த்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் கராம்பு எண்ணெய் ஒரு துளியும், அதனருகே தேங்காயெண்ணெய் ஒரு துளியும் விட்டு வைத்தால் போதும். முன்னது மெல்ல ஆவியாகி, தூயதாயின் ஏறக்குறைய சுவடின்றி மறையும்; பின்னது ஒளி ஊடுருவும் பிசுக்காகத் தாளிலேயே கிடக்கும். ஆவியாகும் அந்த இயல்பினால்தான் மணம் மூக்கை எட்டுகிறது.

மாற்றுச் சொல்லாக 'நறுமண எண்ணெய்' என்பது கேட்க இனிது. ஆயினும் செயற்கை மணம் சேர்த்த தலையெண்ணெயையும் அவ்வாறே அழைக்கிறோம். 'தைலம்' மக்கள் வாயில் உள்ள சொல்தான். ஆனால் மூலிகையிட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் தைலமே. 'வடிநெய்' என்று சொல்லலாம் என்றால், தோடம்பழத் தோல் எண்ணெய் பெரும்பாலும் வடிக்கப்படுவதில்லை, பிழிந்தே எடுக்கப்படுகிறது. 'சார எண்ணெய்' பொருளளவில் மிகச் சரி, ஆனால் சேர்த்து எழுதினால் சாரவெண்ணெய் என்றாகி, வெண்ணெய் என்று காதில் விழுகிறது.

ஆகவே நான் 'சாரநெய்' என்று எழுதுகிறேன். நெய் என்றால் பசுநெய்தானே என்பவர்களுக்கு, எண்ணெய் என்பதே எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல் என்பதையும், புழுகுப் பூனையிலிருந்து பெறும் வாசனைப் பொருளைப் புழுகுநெய் என்றே நம் முன்னோர் அழைத்தார்கள் என்பதையும் நினைவூட்டுவேன். சாரம் வடசொல் என்பதை அறிவேன். தெளிவுக்காக அதை ஏற்கிறேன். அத்தர் விற்கும் காத்தான்குடிக் கடையில் போய் எவரும் சாரநெய் கேட்க வேண்டாம். அத்தருக்கு அத்தர் என்ற பெயரே போதும். பல மொழிகளில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே நம் வெட்டிவேர்தான், இதைக் கூடத் தமிழில் 'வெட்டிவர் அத்தியாவசிய எண்ணெய்' என்று திருப்பி எழுதுகிறார்கள்.

அந்தத் தாளின் முதல் வரியை மச்சாளுக்காக நான் இவ்வாறு திருத்தி எழுதிக் கொடுத்தேன்: "வெட்டிவேர், கராம்பு, தோடம்பழத் தோல் ஆகியவற்றின் சாரநெய்களை மொத்தம் 6 மில்லிலீற்றர் எடுத்து, 24 மில்லிலீற்றர் எதனோலில் கலந்து, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் நான்கு கிழமை வைக்கவும். கராம்பில் சில துளிகள் மட்டும். சமையல் எண்ணெய் சேர்க்கக் கூடாது."