டிஸ்பர்ஷன்: ஆற்றில் கரைந்தது எப்படிப் பரவுகிறது?

2019 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து தாவர எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ஓடையில் இறங்கி, ம்சுண்டுசி ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. எண்ணெய் மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். காஸ்டிக் சோடா கரைந்துவிடும். ம்சுண்டுசி போய்ச் சேருவது உம்கெனி ஆற்றில், உம்கெனி வந்து நிற்பது டர்பனுக்குக் குடிநீர் தரும் இனாண்டா அணையில். அப்படியென்றால் கரைந்தது எப்போது வரும், எவ்வளவு அடர்த்தியாக வரும், எத்தனை நேரம் நீடிக்கும்? இதற்குப் பதில் சொல்லும் கணக்கில்தான் டிஸ்பர்ஷன் என்ற சொல் வருகிறது.

மூலம் லத்தீன். 'ஸ்பார்கெரே' என்றால் தூவுவது, இறைப்பது. முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் நாலாபக்கமும் இறைப்பது.

பலர் இதை டிஃப்யூஷனோடு குழப்பிக்கொள்கிறார்கள். டிஃப்யூஷன் மூலக்கூறுகள் தாமாக நகர்ந்து கலப்பது. அதற்கு ஜெர்மன் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் 1855இல் விதி வகுத்தார். ஆனால் ஆற்றில் அதன் பங்கு மிகச் சொற்பம். நடு ஆற்றில் தண்ணீர் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் ஓடுவதால், சேர்ந்து கிளம்பிய கரைபொருளில் ஒரு பகுதி முந்திப்போகிறது, ஒரு பகுதி பின்தங்குகிறது, நாணல் புதரிலும் மடுவிலும் மாட்டியது அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. சுழலும் நீர் இதையெல்லாம் குறுக்கே கலக்கிக்கொண்டே இருக்க, மொத்தமும் ஆற்றின் நீளத்தில் இழுபட்டுப் பரவுகிறது. குழாய் ஓட்டத்தில் இதை 1953இல் கணக்கிட்டுக் காட்டியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர்.

அளப்பது எப்படி? ரோடமைன் டபிள்யூ.டி. என்ற சிவப்புச் சாயத்தை எடைபோட்டு ஒரே தடவையில் ஆற்றில் ஊற்றுவார்கள். சாயம் ஆற்றின் அகலம் முழுக்கக் கலந்த பிறகு, கீழே இரண்டு இடங்களில் ஒளிர்வுமானியை (சாயம் ஒளிர்வதை அளக்கும் கருவி) வைத்து, சாயத்தின் அடர்த்தியை நேரத்துக்கு நேரம் குறித்துக்கொள்வார்கள். வரைபடம் சட்டென்று ஏறும், இறங்கும்போது நீண்ட வால் விடும். அந்த வால்தான் மடுவில் மாட்டியது. இரண்டு வரைபடங்களின் மையத்துக்கும் இடையிலான நேரம் ஓட்ட வேகத்தைத் தரும். முதலாவதைவிட இரண்டாவது எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதிலிருந்து பரவல் கெழு, அதாவது எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண், கிடைக்கும். சின்ன ஓடைக்குச் சாயத்துக்குப் பதில் சமையல் உப்பும், நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் மின்கடத்துமானியும் போதும்.

சரி, தமிழில்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டிஃப்யூஷனுக்கு 'விரவல்' இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். டிஸ்பர்ஷனுக்குப் புள்ளியியலில் 'சிதறல்' என்கிறார்கள், ஒளியியலில் 'நிறப்பிரிகை'. ஆற்றுக்கு இரண்டுமே ஒட்டவில்லை: சிதறல் என்றால் துண்டு துண்டாகத் தெறிப்பது போல் இருக்கிறது, இங்கே ஒன்றும் தெறிக்கவில்லை. 'ஓட்டப் பரவல்' என்பதே என் தேர்வு, காரணம் ஓட்டம்தான் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆற்றின் நீளத்தில் நடப்பது 'நீள்வாட்டு ஓட்டப் பரவல்', அளக்க ஊற்றும் சாயம் 'தடங்காட்டி'. டர்பனில் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள் அறிவியல் சொற்களைத் தொடும்போது இந்த மூன்றையும் உம்கெனியை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் காய்கறித் தோட்டம் போட்ட குடும்பங்களின் வழிவந்த பிள்ளைகளும் அவர்களிடம் படிக்கக்கூடும்.