அமெரிக்க விவசாய மானியம்: ஒரு கவுண்டில பணம் யாருக்கு, எதுக்குப் போகுது

அயோவா, கான்சாஸ் பக்கம் ஒரு கிராமப்புற கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மானியம் போச்சுன்னு பட்டியல பார்த்தா, அந்த வருஷம் விதைச்ச பயிருக்குக் கொடுத்திருக்காங்கன்னுதான் நினைப்போம். அப்படி இல்லைங்க. 2014 விவசாயச் சட்டத்துல வந்த ரெண்டு மானியத் திட்டம், பி.எல்.சி. (Price Loss Coverage), ஏ.ஆர்.சி. (Agriculture Risk Coverage), ரெண்டுமே 'பேஸ் ஏக்கர்' கணக்குலதான் ஓடுது, அதாவது அந்த நிலத்துல முன்னாடி எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் போட்டாங்கன்னு அரசு ரெக்கார்டுல இருக்கே, அந்த அளவு. மக்காச்சோள பேஸ் இருக்கற நிலத்துல இன்னிக்கு சோயா போட்டாலும் மக்காச்சோளத்துக்குத்தான் பணம்.

பி.எல்.சி. விலைக்கானது, சராசரி விலை அரசு வச்ச ஆதார விலைக்குக் கீழ விழுந்தா வித்தியாசத்த தர்றது. 2025ல வந்த சட்டம் மக்காச்சோளத்துக்கான ஆதார விலைய புஷலுக்கு (அங்க தானியம் அளக்கற அளவு, மக்காச்சோளம்னா சுமார் 25 கிலோ) 3.70 டாலர்ல இருந்து 4.10க்கு ஏத்திருச்சு, சில வருஷம் இன்னும் கொஞ்சம் மேலயும் போகலாம். 4.10னே வச்சுக்குவோம், நாடு முழுக்க சராசரி விலை 3.90க்கு விழுந்தா வித்தியாசம் 20 சென்ட், உங்ககிட்ட 100 பேஸ் ஏக்கர் இருந்தா அதுல 85 சதவீதம்தான் கணக்கு, அரசு ரெக்கார்டுல இருக்கற விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல்னா 85 × 150 × 0.20, மொத்தம் 2,550 டாலர்.

வருமானத்துக்கான ஏ.ஆர்.சி.யதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. பெரும்பாலானவங்க எடுக்கற வகையில உங்க வயல் விளைச்சல பார்க்கவே மாட்டாங்க, கவுண்டியோட சராசரி விளைச்சலையும் நாட்டு விலையையும் பெருக்கி, அது முந்தைய 5 வருஷச் சராசரியில (அதிகமானதையும் குறைஞ்சதையும் தள்ளிட்டு) 90 சதவீதத்துக்குக் கீழ போனாத்தான் பணம், 2025க்கு முன்னாடி இது 86 சதவீதம். ஆலங்கட்டி மழை உங்க வயல மட்டும் அழிச்சுட்டு, கவுண்டில மத்தவங்களுக்கு நல்லா விளைஞ்சிருந்தா இதுல ஒரு பைசா வராது. அந்த நஷ்டத்துக்கு பயிர்க் காப்பீடுதான் வழி, அதோட பிரீமியத்துல பாதிக்கு மேல அரசாங்கமே கட்டுது.

பி.எல்.சி., ஏ.ஆர்.சி. பணத்துக்கு உச்சவரம்பு ஆளுக்கு 1,25,000 டாலரா இருந்தது, இப்ப 1,55,000. ஆனா ஒரே பண்ணைய பார்ட்னர்ஷிப்பா நடத்தினா தகுதியுள்ள ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி வரம்பு, அதனால பெரிய பண்ணைகள இந்த வரம்பு அவ்வளவா தடுக்கறதில்ல. காப்பீட்டு பிரீமிய மானியத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

எனக்கு உறுத்தறது குத்தகைக்காரங்க விஷயம். ரொக்கக் குத்தகைன்னா விதிப்படி மானியம் பயிர் செய்யறவருக்குத்தான், ஆனா பேஸ் இருக்கற நிலம்னு தெரிஞ்சதும் குத்தகைய ஏத்திடறாங்க, பணம் சுத்தி நிலக்காரர் கைக்கே போயிடுது. சொந்த நிலம் இல்லாம புதுசா விவசாயத்துக்கு வர்ற சின்னப் பசங்களுக்கு இது பெரிய அடி.

சி.ஆர்.பி.ன்னு (Conservation Reserve Program) இன்னொண்ணு, 1985ல இருந்து இருக்கு. அரிப்பு வர்ற நிலத்துல பயிர் போடாம புல்லோ மரமோ வச்சா 10ல இருந்து 15 வருஷத்துக்கு வாடகை தர்றாங்க. ஒரு கவுண்டியோட பயிர் நிலத்துல பொதுவா 25 சதவீதத்துக்கு மேல இதுல சேர்க்க மாட்டாங்க, இல்லன்னா ஊர்ல விதைக்கடை, உரக்கடைக்கெல்லாம் யாவாரமே இருக்காது.

பி.எல்.சி., ஏ.ஆர்.சி., சி.ஆர்.பி. மூணுக்கும் பதிவு பண்ற இடம் எஃப்.எஸ்.ஏ.வோட (Farm Service Agency, விவசாயத் துறையோட அமைப்பு) கவுண்டி ஆபீஸ், அதுக்கு விவசாயிகளே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கற கமிட்டி இருக்கு. பி.எல்.சி., ஏ.ஆர்.சி. பணம் அறுவடை ஆனதும் வராது, அடுத்த வருஷம் அக்டோபருக்கு மேலதான், அதனால இத நம்பி விதைக்கடன் வாங்காதீங்க.