'எனர்வேட்' என்ற சொல்லுக்குள் எனர்ஜி இல்லை

மத்திய அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களுக்கு ஆங்கிலப் பகுதியைக் கற்பிப்பது என் தொழில். அவர்கள் இலக்கண வினாக்களைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை; ஒத்த பொருள் கேட்கும் சினானிம் வினாக்களைக் கண்டால்தான் முகம் வாடிவிடும். அண்மையில் வைத்த ஒரு மாதிரித் தேர்வில் 'எனர்வேட்' என்ற சொல்லைக் கொடுத்து எனர்ஜைஸ், வீக்கன், ரீஸ்டோர், எக்ஸைட் ஆகிய நான்கில் அதற்கு இணையானது எது என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் எனர்ஜைஸ் என்பதையே குறித்திருந்தார்கள். சரியான விடை, பலவீனப்படுத்து என்று பொருள்படும் வீக்கன். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி எழுந்து, "சார், தெரியாத வார்த்தை வந்தா பிரிச்சுப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரிக்கச் சொன்னவன் எப்படிப் பிரிப்பது என்று போதுமான அளவு சொல்லவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த மாணவி சொல்லைப் பிரிக்கவில்லை. அதன் ஓசையைக் கேட்டுப் பொருளை ஊகித்தார். எனர்வேட் என்பது இலத்தீனிலிருந்து வந்த சொல். முதலில் நிற்கும் ஒற்றை எழுத்துக்கு 'வெளியே' என்று பொருள். நடுவில் இருப்பது நமக்குத் தெரிந்த நர்வ், அதாவது நரம்பு. நரம்பை உருவி எடுத்துவிட்டால் மனிதன் எப்படி இருப்பான் என்பதை நினைத்தாலே விடை கிடைத்துவிடும். எனர்ஜி என்ற சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

சொல்லைப் பிரிப்பது நமக்குப் புதிய வித்தை அன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் கூறும் ஆறு உறுப்புகளைப் பள்ளியிலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் தமிழில் பகுதி முன்னே நிற்க மற்றவை பின்னால் வந்து ஒட்டும். 'படிக்காதவன்' என்பதில் எதிர்மறையைக் காட்டும் ஆகார இடைநிலைகூடப் பகுதிக்குப் பின்னரே வருகிறது. ஆங்கிலத்திலோ பொருளைத் தலைகீழாக்கும் உறுப்பு பெரும்பாலும் சொல்லின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. அதற்கான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த அநீதி, அசுத்தம், துர்க்குணம் போன்ற சொற்களை நாம் அன்றாடம் புழங்குகிறோம். இவற்றில் முன்னொட்டுதான் பொருளை மாற்றுகிறது. அநாமதேயம் என்ற சொல்லையும் ஆங்கிலத்தின் அனானிமஸ் என்ற சொல்லையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டுவேன். இரண்டிலும் முதல் உறுப்பு 'இல்லாத', அடுத்த உறுப்பு 'பெயர்'. வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இது தற்செயல் அல்ல. துர்க்குணத்தில் உள்ள துர் என்பதும், வாசிப்புக் குறைபாட்டைக் குறிக்கும் டிஸ்லெக்ஸியாவில் உள்ள டிஸ் என்பதும் அவ்வாறே உறவுடையவை.

உறுப்புகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. ஐந்நூறு வேர்கள் அச்சிட்ட குறிப்பேட்டை உருப்போட்டவர், பெட் என்றால் கால் என்று படித்துவிட்டு, பீடியாட்ரீஷியனைக் கால் மருத்துவர் என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பாதசாரியைக் குறிக்கும் பெடஸ்ட்ரியனில் இருப்பது காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். பீடியாட்ரீஷியனில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். மனப்பாடத்தைவிட, ஏற்கெனவே தெரிந்த சொல்லைச் சாவியாகக் கொள்வதே நல்லது. மலெவலன்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மலேரியா எல்லோருக்கும் தெரியும். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வரும் நோய் என்று முற்காலத்தில் நம்பியதால், இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்ற பொருளில் அப்பெயர் வந்தது. ஆகவே மல் என்பது கெட்டது. பின்பாதியை வாலன்டியர் என்ற சொல்லிலும், விருப்ப ஓய்வைக் குறிக்கும் வி.ஆர்.எஸ்.ஸின் முதல் எழுத்திலும் காணலாம், அது விருப்பம். கெட்டதை விரும்புகிற, அதாவது வன்மமுள்ள என்பது பொருள். விடைகளாக ஹெல்ப்ஃபுல் (உதவுகிற), ஸ்பைட்ஃபுல் (வன்மமுள்ள), காஷியஸ் (எச்சரிக்கையான), ஜெனரஸ் (தாராளமான) ஆகியவை இருந்தால், மல் என்ற ஓர் உறுப்பே முதலாவதையும் கடைசியையும் அடித்துவிடும்.

உறுப்புகள் விடையைக் கையில் எடுத்துக் கொடுப்பதைவிடத் தவறான விடைகளை நீக்குவதற்கே அதிகம் உதவும். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலை முதல்கட்டத் தேர்வில் ஒரு வினாவுக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிவு. நான்கு வினாக்களைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகி, மூன்று தவறி, அரை மதிப்பெண்தான் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளை நீக்கிவிட்டுக் குறித்தால் இரண்டு சரியாகி, இரண்டு தவறி, 3 மதிப்பெண் கிடைக்கும்.

முன்னொட்டைப் பார்த்ததும் நின்றுவிடக் கூடாது. இன்க்ரெடிபிள், இன்க்ரெடுலஸ் இரண்டிலும் நடுவில் இருப்பது கிரெடிட் கார்டில் உள்ள அதே 'நம்பிக்கை'தான். ஆனால் முதற்சொல்லுக்கு 'நம்ப முடியாத' என்றும், அடுத்ததற்கு 'நம்ப மறுக்கிற' என்றும் பொருள். ஒன்று செய்தியைக் குறிக்கும், மற்றது ஆளைக் குறிக்கும்; வேறுபாட்டைச் செய்வது விகுதி. வினா அமைப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த பொறி.

இன் என்ற முன்னொட்டு இல்லீகல், இம்பாசிபிள், இர்ரெகுலர் என்று உருமாறுவதைத் தமிழ் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதை அறிந்தவர்கள் அவர்கள். அந்த இன் எப்போதும் 'இல்லை' என்று சொல்வதும் இல்லை என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தீப்பற்றாது என்று யாரும் பீடி பற்றவைப்பதில்லை. அங்கே அது 'உள்ளே' என்ற பொருளில், தீ மூட்டுவதைக் குறித்து வந்தது. இன்வேலியுபிள் என்பதில் எதிர்மறை உண்டு, ஆனால் பொருள் பயனற்றது என்பதன்று. விலைமதிப்பற்ற நகை என்று நாம் சொன்னால் எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படியே அதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

நன்னூல், பிரிக்க முடியாத சொல்லைப் பகாப்பதம் என்றும் சொல்கிறது. டெர்ஸ், க்வெல், ப்ளீக் போன்ற சொற்களைத் தேர்வறையில் உடைக்கப் பார்த்தால் நேரம்தான் உடையும். 60 நிமிடத்தில் 100 வினாக்கள் என்னும்போது ஒரு வினாவுக்குக் கிடைப்பது 36 நொடி. பார்த்தவுடன் தெரிந்த உறுப்பு எதுவும் கண்ணில் படாவிட்டால் கடந்து போய்விடுங்கள் என்பேன். இத்தகைய சொற்கள் நாளிதழ் வாசிப்பில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுத்தான் மனத்தில் தங்கும். என்னிடம் கேள்வி கேட்ட மாணவி இப்போது தம் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டுப் பகுபதம், பகாப்பதம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறார். இடப்பக்கத்தில் முதல் சொல் எனர்வேட். அதன் நடுவில் இருக்கும் நரம்புக்கு மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருக்கிறார்.