வலையமைப்பு உயிரியல்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'நெட்வொர்க் பயாலஜி' என வழங்கும் துறைக்கு வலையமைப்பு உயிரியல் என்பதே பொருத்தமான தமிழ்ப்பெயர். கலத்தினுள் உள்ள பரம்பரையலகுகளையும் புரதங்களையும் தனித்தனியே ஆராய்வதோடு நில்லாமல், அவற்றுக்கிடையே நிகழும் இடைத்தாக்கங்களை ஒரே படமாக வரைந்து, அப்படத்திலிருந்து ஒவ்வொன்றின் தொழிலையும் நோய்களின் காரணத்தையும் உய்த்தறிவதே இத்துறையின் பணி. பரம்பரையலகு என்று இங்கே குறிப்பது தமிழகத்தார் மரபணு என்பதையே. கலம் என்பது அவர்களது செல்.

'நெட்வொர்க்' என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டளவில், வலைபோலப் பின்னிச் செய்த பொருளைக் குறித்தே ஆங்கிலத்தில் புழங்கியது. கால்வாய்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அது பின்னர்தான் பெயராயிற்று. பொருள்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் காணும் நோக்குக்குக் கணிதத்தில் வித்திட்டவர் 1736இல் கோனிக்ஸ்பேர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய புதிருக்கு விடை கண்ட ஒயிலர். உயிரியலில் இத்துறைப்பெயர் பரவலாக நிலைபெறுவதற்கு, பரபாசியும் ஒல்ட்வாயும் 2004இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரை பெரிதும் துணைசெய்தது.

தமிழில் 'பிணையம்' என்ற சொல்லும் உண்டு. தமிழகக் கணினி நூல்களில் அது வேரூன்றிவிட்டது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பிணை என்றதும் நீதிமன்றமே முதலில் நினைவுக்கு வரும் என்பதால், இங்குள்ள மாணவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. 'வலை உயிரியல்' என்று சுருக்கினால், பாடநூலில் ஏற்கனவே உள்ள உணவுவலையோடு அது மயங்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் எங்கள் பிள்ளைகள் அன்றாடம் படிப்பது வலையமைப்பு என்றே இருக்க, வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய காரைதீவு விபுலாநந்த அடிகளின் மண்ணில், பாடத்துக்குப் பாடம் சொல்லை மாற்றுவது அழகுமன்று.

துணைச்சொற்களிலும் கவனம் வேண்டும். பரம்பரையலகையோ புரதத்தையோ குறிக்கும் புள்ளி, கணு. இரு கணுக்களைத் தொடுக்கும் கோடு, இணைப்பு. கணித நூல்கள் அதனை விளிம்பு என்கின்றன. உயிரியல் படிப்பவருக்கு அது கலத்தின் ஓரத்தையே நினைவூட்டும். நெருங்கிப் பிணைந்த கணுக்களின் கூட்டத்தைத் தொகுதி என்னாமல் கொத்து எனலாம். ஏனெனில் சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி என அச்சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. இதனினும் விரிந்த துறையான தொகுதி உயிரியலுக்கும் ('சிஸ்டம்ஸ் பயாலஜி') அது தேவைப்படுகிறது.

வலை என்ற சொல் ஓரிடத்தில் வழிதவறச் செய்யும். வாவியில் வீசும் வலையைக் கையில் விரித்துப் பார்த்தால் கண்கள் யாவும் ஒரே அளவு. ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல்களே பிரியும். கலத்தின் வலையமைப்பில் அந்தச் சமன் இல்லை. பெரும்பாலான புரதங்களுக்கு ஓரிரு இணைப்புகளே இருக்க, மிகச் சிலவற்றுக்கு மட்டும் எண்ணற்ற இணைப்புகள் உள்ளன, இவை மையக்கணுக்கள். மதுவத்தின் (ஈஸ்ட்) புரதங்களைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வொன்றில், ஐந்தோ அதற்குக் குறைவாகவோ இணைப்புக் கொண்ட புரதங்களுள் ஏறத்தாழ 21 சதவீதமே உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவையாக இருந்தன. பதினைந்துக்கு மேற்பட்ட இணைப்புக் கொண்டவற்றுள் அது ஏறத்தாழ 62 சதவீதம்.

தொழில் அறியப்படாத புரதமொன்று, டி.என்.ஏ.யின் பழுதைச் சீராக்கும் புரதங்களோடு மட்டுமே இணைந்திருக்குமாயின், அதுவும் அவ்வேலையில் பங்குகொள்கிறது என ஊகித்துப் பரிசோதனைக்கு எடுக்கலாம். ஃபன்கோனி இரத்தச்சோகையில் இருபதுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளுள் எது பழுதானாலும் ஒரே நோய் தோன்றுவதன் காரணமும் இதுதான்: அவற்றின் புரதங்கள் யாவும் அந்தப் பழுதுபார்க்கும் கொத்தைச் சேர்ந்தவை.

ஒரு நோய் ஒரே கணுவோடு முடிவதில்லை என்பதற்குப் பரம்பரை இரத்த நோயான தலசீமியா இன்னும் தெளிவான சான்று. ஈமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் பீற்றா குளோபின் பரம்பரையலகில் ஒரே விகாரம் (மாற்றம்) உள்ள இருவருள் ஒருவருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்க, மற்றவர் அவ்வளவு துன்பப்படாதிருக்கலாம். முதிர்மூலவுருவுக்குரிய (கருவிலுள்ள சிசுவுக்குரிய), பழுதானதன் குறையை ஈடுசெய்யக்கூடிய ஈமோகுளோபினைப் பிறப்பின் பின் அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் போன்ற வேறு கணுக்களின் வேறுபாடும் அதற்கு ஒரு காரணம். பழுதான பரம்பரையலகைத் தொடாமல், குருதிமூலக் கலங்களில் பி.சி.எல்.11ஏயின் ஆக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி வழங்கியது.

படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. புற்றுநோய் ஆய்வில் பெயர்பெற்ற பி53 போன்ற புரதத்துக்கு இணைப்புகள் மிகுந்து தெரிவதற்கு, அதனைப் பலரும் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருவதும் ஒரு காரணம். எவரும் கைவைக்காத புரதமோ இணைப்பின்றித் தனித்து நிற்பதாகவே படத்தில் தோன்றும்.