முருகேசன் எத்தனை பேர்?

மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்குப் புது மென்பொருள் போட்டுத் தரப் போயிருந்தேன். பாக்கிப் பட்டியலைக் கேட்டதும் கணக்கர் ஓர் எக்செல் கோப்பைத் திறந்தார். கோப்பின் பெயர் 'பாக்கி பைனல் நியூ 2'. அதில் 'முருகேசன்', 'எஸ்.முருகேசன்', 'முருகேசன் ஸ்டோர்ஸ்' என்று மூன்று வரிகள் இருந்தன.

"மூணு பேரா?"

"ஆள் ஒருத்தர்தான் சார். பில் போடும்போது எந்தப் பேரு முதல்ல வருதோ அதுல போட்டுடுவோம்."

ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கடன் கிடையாது என்பது அந்தக் கடையின் விதி. முருகேசனுக்கோ மூன்று பெயரிலும் தலா நாற்பதாயிரத்துக்கு மேல் பாக்கி. அவர் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தரவுத்தளப் பாடத்தில் 'பிரைமரி கீ' என்று படிப்பது இதற்காகத்தான். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ல் முன்வைத்தபோதே, ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்ட ஒரு சாவி வேண்டும் என்று எழுதிவிட்டார். பெயர் அதற்கு உதவாது. செல்போன் எண்ணும் சரிவராது. அப்பா நம்பரில் மகன் சரக்கு எடுப்பார், அடுத்த வருடம் நம்பரே மாறியிருக்கும். ஜிஎஸ்டி எண் பரவாயில்லை. 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண். ஆனால் சின்னக் கடைக்காரர்கள் பலரிடம் அது இருக்காது. ஆகவே நீங்களே ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள், அதை எப்போதும் மாற்றாதீர்கள்.

எக்செல்லை நான் திட்டவில்லை, தினமும் அதில்தான் உழல்கிறேன். ஆனால் அது சில தவறுகளைச் சத்தமில்லாமல் செய்யும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டிப் பாருங்கள்: கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், 15 இலக்கம் வரைதான் அதற்குக் கணக்கு. முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போய்விடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைக்க வேண்டும்.

இது மளிகைக் கடைப் பிரச்சினை மட்டுமல்ல. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக் கணக்கில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பரிசோதனை முடிவுகளை ஏற்றிய பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவே இல்லை. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

சரி, முருகேசனுக்கு வருவோம். மூன்று வரிகளையும் ஒன்றாக்கியதும் முதலாளி திரையைப் பார்த்தார், "இதுல அவர் கட்டினது எல்லாம் கழிஞ்சிருக்கா?" என்று கேட்டார். கணக்கர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பரண் மேலிருந்த பழைய ரசீதுக் கட்டை இறக்கப் போனார்.