நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

"16 ஜிபி தற்செயல் அணுகல் நினைவகம், 512 ஜிபி நினைவகம்." மடிக்கணினி விற்கும் இணையப் பக்கத்தைத் தமிழுக்கு மாற்றினால் இப்படியொரு வரி வந்து நிற்கிறது. முதலாவது ரேம், கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் இடம். இரண்டாவது எஸ்எஸ்டி, கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கணினி வாங்கும் பெற்றோர் இதை எப்படிப் படிப்பார்கள்? 512 பெரிய எண், அது இருந்தால் போதும். 16 ஏதோ தற்செயல் சமாசாரம், 8 ஆனாலும் பரவாயில்லை. ஆறு மாதத்தில் கணினி திணறத் தொடங்கியதும் பழி கணினியின் தலையில் விழும்.

மெமரி, 'மெமோரியா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது, பொருள் நினைவு. கணினியின் உறுப்புக்கு அந்தப் பெயர் வேரூன்ற 1945இல் கணித மேதை ஜான் ஃபான் நாய்மன் எட்வாக் என்ற கணினியைப் பற்றி எழுதிய அறிக்கை ஒரு காரணம். அதற்கு நூறாண்டு முன்னரே சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த கணக்கிடும் பொறியில் எண்களை வைத்திருக்கும் பகுதியை 'ஸ்டோர்' என்றார். ஆக, ஆங்கிலத்திலேயே இரண்டு சொற்கள். நூலகம், உணவகம் போல நாம் நினைவகம் என்று ஆக்கிக்கொண்டோம். சொல்லில் குறையே இல்லை.

குறை, 'ரேம்' (ரேண்டம் ஆக்ஸஸ் மெமரி) என்பதன் முதல் எழுத்தான 'ரேண்டம்' பட்ட பாட்டில் இருக்கிறது. தற்செயல், தற்போக்கு, குறிப்பிலா, எழுமாற்று என்று எத்தனை ஆக்கங்கள்! எல்லாமே அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியவை. கணிதத்தில் சமவாய்ப்பு மாறி, எழுமாற்று மாறி என்பவை பொருத்தம்தான். பகடை எந்த முகம் காட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ரேமில் வாய்ப்புக்கு இடமே கிடையாது. செயலி (புராசஸர்) ஒரு முகவரியைக் கேட்கிறது, அந்த முகவரியில் உள்ளது வருகிறது. தற்செயலாக வந்தால் நீங்கள் தட்டிய கட்டுரைக்குப் பதில் வேறொரு கோப்பின் துண்டுதான் திரையில் தெரியும்.

'ரேண்டம்' என்று சொன்னது காந்த நாடாவை மனத்தில் வைத்து. நாடாவின் கடைசியில் இருப்பதை எடுக்க அதற்கு முன்னுள்ள அத்தனையையும் ஓட்டியாக வேண்டும். ரேமில் முதல் இடமோ கடைசி இடமோ, ஏறத்தாழ ஒரே நேரம்தான். இந்த அடைமொழி சில்லுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட 305 ரமாக் கணினியின் பெயருக்குள்ளேயே 'ரேண்டம் ஆக்ஸஸ்' இருக்கிறது. அது சுமந்ததோ 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் சுழலும் வட்டு. இடத்தைப் பார்க்காமல் எடுப்பது என்பதுதான் பொருள் என்றால், பாடநூலுக்கு 'இடம்பாரா அணுகல்' என்று எழுதிவிட்டுப் போகலாமே.

'நேரடி அணுகல் நினைவகம்' என்று எழுதுவோரும் உண்டு. தற்செயலுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் டிஎம்ஏ பற்றி எழுத வரும்போது மாட்டிக்கொள்வார்கள். செயலியைத் தொந்தரவு செய்யாமல் வட்டோ நெட்வொர்க் அட்டையோ தானே நினைவகத்தில் எழுதும் முறை அது. 'நேரடி நினைவக அணுகல்' என்ற பெயர் அதற்கு வேண்டும். மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்பதால் 'தற்காலிக நினைவகம்' என்பது இன்னொரு ஆக்கம். செயலி அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கேஷுக்கும் இதே பெயரைச் சூட்டுகிறார்கள். போதாததற்கு, தற்காலிகம் என்றதும் வாங்குபவருக்கு அதில் சிக்கனம் பிடிக்கத் தோன்றுகிறது.

நான்கு மொழிகளும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கும் சிங்கப்பூரில் அண்டை மொழிகளையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். மலாய் மொழியிலும் 'ராவாக்' என்று அதே ரேண்டத்தைக் கட்டிக்கொண்டார்கள். சீனர்களின் 'நெய்சுன்' உள்ளே வைப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. அணுகலும் இல்லை, தற்செயலும் இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கோ சுருக்கெழுத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைக்காவிட்டால் தூக்கம் வராது. அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கேட்பது மட்டும் அவர்கள் வழக்கத்தில் இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: ரேமுக்கு நினைவகம், எஸ்எஸ்டிக்குச் சேமிப்பகம். அடைமொழி வேண்டுமானால் பணி நினைவகம். பேச்சில் ரேம் என்றே சொல்லுங்கள், தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. "ஃபோன்ல மெமரி ஃபுல்" என்று நாம் சேமிப்பகத்தைச் சொல்வதற்கு மெமரி கார்டு என்று பெயர் வைத்த ஆங்கிலமும் பொறுப்பு. அச்சில் ஏறும் தமிழாவது பிரித்துச் சொல்லட்டும்.

பிரித்துச் சொன்னால்தான் வாங்கும் கணக்கும் தெளியும். சேமிப்பகம் போதாவிட்டால் யுஎஸ்பியில் வெளி எஸ்எஸ்டி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். நினைவகத்துக்கு அந்த வழி இல்லை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அதை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். நினைவக வகை எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டிக்குத் தள்ளும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க சுமார் 100 நானோ வினாடி. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல்லாயிரம் நானோ வினாடி. டேப் மாற்றினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுவதும், சூமில் குரல் விட்டுவிட்டு வருவதும் இப்படித்தான். 512ஐ 1,000 ஆக்கினாலும் இது தீராது.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் 4 ஜிபி, தொடங்கி நிற்பதற்கான அளவு. 8 ஜிபியில் விண்டோஸே மூன்று நான்கை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கும் அதிலிருந்தே பங்கு போகும். நாலைந்து ஆண்டு வைத்திருக்கப்போகும் மாணவருக்கு 16 வேண்டும். ஏஐ வசதியுள்ள கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கோப்பைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு 2024இல் வைத்த குறைந்தபட்ச அளவும் அதுவே. 4கே காணொளித் தொகுப்பு, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மெய்நிகர் கணினி, ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவது என்றால் 32. மின்னஞ்சலும் வேர்டும் மட்டும் என்பவர் 32க்கு வெள்ளியைக் கொட்ட வேண்டாம், அதுவும் 2025 பிற்பகுதியிலிருந்து மெமரிச் சில்லு விலை ஏறியிருக்கும்போது.

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் சன்டெக் கண்காட்சியில் வாங்கினாலும், காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் மொத்த அளவு தெரியும். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்றால் செருகும் அட்டை, பின்னால் மாற்றலாம். பழைய தலைமுறை டிடிஆர்4 நினைவக அட்டை புதிய டிடிஆர்5 செருகுவாயில் நுழையாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மேக்கில் 'யூனிஃபைட் மெமரி' என்று போட்டிருப்பதை 'ஒருங்கிணைந்த நினைவகம்' ஆக்கியிருக்கிறார்கள். படித்தால் எதனோடோ சேர்த்துத் தைத்தது போலிருக்கிறது. செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே தொகுதியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பதே அதன் பொருள். 'பொது நினைவகம்' என்றால் முடிந்தது. 2024 அக்டோபரில் ஆப்பிள் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8இலிருந்து 16க்கு உயர்த்தியது. அந்த 16இல் திரைக்கும் பங்கு உண்டு. மேக்புக்கில் பிறகு கூட்டவும் முடியாது.